நியூட்ரலில் போட்டால் போதுமா? காரைக் கட்டி இழுப்பதும் ஏற்றி அனுப்புவதும்

கேள்வி: கோவையில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். போன மாதம் என் சிவிடி ஆட்டோமேட்டிக் காரில் மதுரைக்குப் போகும்போது, ஒட்டன்சத்திரம் தாண்டியதும் இன்ஜின் நின்றுவிட்டது. காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு மினி லாரிக்காரர் இரக்கப்பட்டு, நைலான் கயிறு கட்டி, திண்டுக்கல் வரை ஏறக்குறைய 25 கிலோமீட்டர் இழுத்துக்கொண்டுபோய் விட்டார். கியரை நியூட்ரலில்தான் வைத்திருந்தேன். கடைசியில் பார்த்தால் பழுது ஃப்யூவல் பம்ப் ரிலேயில். சில நூறு ரூபாயில் முடிந்தது. ஆனால் அன்றிலிருந்து வண்டி கிளம்பும்போது உதறுகிறது, வேகம் ஏறினால் ஊளை மாதிரி ஒரு சத்தம். இழுத்ததால்தான் கியர்பாக்ஸ் கெட்டது என்கிறார் மெக்கானிக். நியூட்ரலில் இழுத்தால் எப்படிக் கெடும்?

இன்னொன்று. நாகர்கோவிலில் அப்பாவின் 2006 மாடல் மாருதி 800 நிற்கிறது. அப்பா தவறிப் பத்து மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு யாரும் அதை எடுக்கவில்லை. கோவைக்குக் கொண்டுவர வேண்டும். தன் எஸ்யூவியில் கட்டி, ராத்திரியோடு ராத்திரியாக இழுத்து வந்துவிடலாம் என்கிறான் தம்பி. சரிப்படுமா? அந்த வண்டியிலேயே உட்கார்ந்து வருகிறேன் என்கிறார் அம்மா.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மெக்கானிக் சொன்னது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அதற்காக உங்களை நீங்கள் நொந்துகொள்ள வேண்டாம். நியூட்ரலில் போட்டுவிட்டால் எந்த வண்டியையும் எவ்வளவு தூரமும் இழுக்கலாம் என்பது அம்பாசடர், பத்மினி காலத்துப் பாடம். வண்டிகள் மாறிவிட்டன, பாடம் மட்டும் மாறவில்லை. என் பட்டறைக்கு இழுத்து வரப்படும் ஆட்டோமேட்டிக் கார்களில், நின்றதற்கான காரணம் சின்னது, இழுத்ததால் வந்த செலவு பெரியது என்கிற கதையை அடிக்கடி பார்க்கிறேன்.

நியூட்ரலில் எப்படிக் கெடும் என்று கேட்டிருக்கிறீர்கள். சாதாரண கையால் மாற்றும் கியர்பாக்ஸில் அடியில் எண்ணெய் தேங்கி நிற்கும். முன்சக்கரம் ஓட்டும் வண்டியில் சக்கரம் சுற்றினால், அதோடு சேர்ந்து சுற்றும் பெரிய பல்சக்கரம் அந்த எண்ணெயை வாரி எல்லா இடத்திலும் இறைத்துவிடும். இன்ஜின் ஓடுகிறதா இல்லையா என்பது அதற்குப் பொருட்டில்லை. ஆட்டோமேட்டிக்கில் கதை வேறு. அங்கே எண்ணெயை உள்ளே அனுப்புவது ஒரு பம்ப். அந்தப் பம்பைச் சுற்றுவது இன்ஜின். இன்ஜின் நின்றால் பம்ப் நிற்கும். பம்ப் நின்றால் எண்ணெய் போகாது. ஆனால் வண்டியை இழுக்கும்போது முன்சக்கரங்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன, அவற்றோடு இணைந்த உள்பாகங்களும் சுற்றுகின்றன. எண்ணெய் விடாத செக்கை 25 கிலோமீட்டர் ஓட்டினால் என்ன ஆகுமோ அதுதான்.

சிவிடியில் இன்னொரு சங்கடமும் சேர்ந்துகொள்கிறது. உள்ளே பல்சக்கரங்களுக்குப் பதிலாக, கூம்பு மாதிரி இரண்டு கப்பிகள், அவற்றின் நடுவே ஒரு எஃகு பெல்ட். அந்தப் பெல்ட் நழுவாமல் கப்பியை இறுக்கிப் பிடிப்பதும் எண்ணெய் அழுத்தம்தான். பெரும்பாலான சிவிடிகளில் நியூட்ரல் போட்டால் இன்ஜின் பக்கம்தான் விலகும். சக்கரத்தின் பக்கம் பெல்ட்டும் கப்பியும் இணைந்தேதான் இருக்கும். ஆக, அழுத்தமில்லாத பெல்ட் வறண்ட கப்பியில் உரசிக்கொண்டே திண்டுக்கல் வரை போயிருக்கிறது. கப்பியின் முகத்தில் கீறல் விழுந்தால் அந்த ஊளைச் சத்தம் வரும். உதறலுக்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

இப்போது செய்ய வேண்டியது: வண்டியை மேற்கொண்டு ஓட்டாதீர்கள். சும்மா பக்கத்துத் தெருவுக்குத்தானே என்றும் வேண்டாம். முதலில் ஸ்கேனர் போட்டு கியர்பாக்ஸின் பிழைக் குறியீடுகளை எடுக்கச் சொல்லுங்கள். பிறகு எண்ணெயை வடித்து, அடித்தட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அந்தத் தட்டில் காந்தத் துண்டுகள் வைத்திருப்பார்கள். அதில் சாம்பல் நிறத்தில் குழைவாக லேசாக ஒட்டியிருந்தால் அது வழக்கமான தேய்மானம். விரலில் எடுத்து வெயிலில் காட்டினால் மினுமினுக்கிறது, நறநறக்கிறது என்றால் கப்பியும் பெல்ட்டும் அடிபட்டிருக்கின்றன, பாக்ஸைப் பிரிக்காமல் தீராது. முதல் வகையானால், உங்கள் கார் நிறுவனம் சொல்லும் அதே சிவிடி எண்ணெயை மாற்றிப் பார்க்கலாம். பிழைக்க வாய்ப்பு உண்டு. "எல்லா ஆட்டோமேட்டிக் ஆயிலும் ஒன்றுதான் மேடம்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். இன்சூரன்ஸில் கேட்கலாமா என்று அடுத்து யோசிப்பீர்கள். விபத்தில்லாத இயந்திரப் பழுதைச் சாதாரண பாலிசி ஏற்காது. கூடுதல் பிரீமியம் கட்டி ஏதாவது சேர்த்திருந்தால் அதன் வாசகத்தைப் படித்துப் பாருங்கள்.

மற்ற வண்டிகளையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கிற எல்லாரிடமும் சிவிடி இருக்காது. கிளட்ச் மிதி இல்லாத வண்டி எல்லாமே ஒரே ஜாதி இல்லை. ஏஎம்டி என்று வருவது அடிப்படையில் சாதாரண கியர்பாக்ஸ்தான், கிளட்ச்சை மிதிக்கிற வேலையை ஒரு மோட்டார் செய்கிறது. நியூட்ரலில் விழுந்துவிட்டால் கொஞ்ச தூரம் இழுக்கலாம். ஆனால் கியரில் மாட்டிக்கொண்டு கரண்ட் போய்விட்டால் நியூட்ரலுக்கு வரவே வராது. அதை இழுத்தால் இன்ஜினோடு மல்லுக்கட்டுகிறோம் என்று பொருள். நான்கு சக்கரமும் ஓட்டும் வண்டியில் இரண்டைத் தூக்கிவிட்டு இரண்டைத் தரையில் உருட்டுவது நடுவில் இருக்கும் இணைப்பைக் கெடுக்கும். மின்சாரக் காரும் ஹைபிரிட்டும் வந்தபிறகு எங்கள் தொழிலில் ஒரே விதி: சக்கரம் தரையில் உருளக்கூடாது. அந்த மோட்டாரில் பெரும்பாலும் நிலைக்காந்தம் இருக்கும். சக்கரம் சுற்றினால் மோட்டார் டைனமோ மாதிரி மின்சாரம் உண்டாக்க ஆரம்பித்துவிடும். ஓட்டுகிறவர் ஆஃப் செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருப்பார், உள்ளே சூடு ஏறிக்கொண்டிருக்கும். இந்த வண்டிகளுக்கெல்லாம் ஃப்ளாட்பெட்தான், அதாவது முழு வண்டியையும் மேலே ஏற்றிக்கொண்டு போகும் ரெக்கவரி லாரி.

முன்சக்கரத்தை மட்டும் தூக்கி இழுக்கும் வண்டியும் உண்டு, போக்குவரத்துப் போலீஸ் பயன்படுத்துகிற மாதிரி. முன்சக்கரம் ஓட்டும் காருக்கு அது போதும், உங்கள் சிவிடிக்கும் போதுமாயிருக்கும். பின்சக்கரம் ஓட்டும் வண்டியை, உதாரணத்துக்கு இன்னோவா கிரிஸ்டா ஆட்டோமேட்டிக்கை, அதே மாதிரி முன்பக்கம் தூக்கினால் ஓட்டுகிற சக்கரம் தரையில் உருளும். தூக்குகிற பையனுக்கு இது தெரிந்திருக்கும் என்று நம்பி விடாதீர்கள். ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சரி, கயிறு. கயிறே கூடாது என்று சொல்லப்போவதில்லை. நடுரோட்டில் நிற்கும் வண்டியை ஓரத்துக்குக் கொண்டுவர, அடுத்த பெட்ரோல் பங்க் வரை நகர்த்த அது வேண்டும். நம் நாட்டுச் சாலை விதியும் கிட்டத்தட்ட அந்த அளவுக்குத்தான் அனுமதிக்கிறது: பழுதான வண்டியைப் பக்கத்துப் பட்டறைக்கோ பங்க்குக்கோ இழுக்கலாம். பின்வண்டியின் ஸ்டியரிங்கில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு வண்டிக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. கயிறு மற்றவர்கள் கண்ணில் படவேண்டும், ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டால் ஆயிற்று. பின்வண்டியின் முதுகில் ‘ஆன் டோ’ என்ற பலகை வேண்டும். இதை நம் ரோட்டில் யாரும் மாட்டிப் பார்த்ததில்லை, அட்டையில் எழுதி ஒட்டினாலும் போதும்.

5 மீட்டர் என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்னால் போகிறவர் பிரேக் அடித்ததை நீங்கள் பார்த்து, காலை எடுத்து மிதிக்க ஒரு நொடியாவது ஆகும். மணிக்கு 40 கிலோமீட்டரில் அந்த ஒரு நொடிக்குள் உங்கள் கார் 11 மீட்டர் ஓடிவிடும். 25-ல் போனால்கூட 7 மீட்டர். இதில் பிரேக்கும் பழைய பிரேக் இல்லை. இன்ஜின் நின்றபிறகு, பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் காற்றிழுப்பு இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அப்புறம் மிதி கல் மாதிரி இறுகிவிடும், இரண்டு காலாலும் அழுத்த வேண்டியிருக்கும். ஸ்டியரிங்கும் கனத்துவிடும். மினி லாரிக்காரர் நாற்பதுக்குக் குறையாமல்தான் போயிருப்பார் என்பது என் ஊகம். கியர்பாக்ஸோடு போனது உங்கள் நல்ல நேரம் என்றே சொல்வேன்.

அதனால்தான் கட்டி இழுக்கும்போது ஓட்டத் தெரிந்தவர் பின்வண்டியில் இருக்க வேண்டும் என்பேன். நம் வீடுகளில் நேர்மாறாக நடக்கும். நன்றாக ஓட்டுகிற மாமா முன்வண்டியில் ஏறிக்கொள்வார். நேற்று லைசென்ஸ் எடுத்த பிள்ளையை, "நீ சும்மா ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு உட்காரு" என்று பின்னால் உட்கார வைப்பார்கள். உண்மையில் இரண்டு வண்டிக்கும் சேர்த்துப் பிரேக் போட வேண்டியவர் பின்னால் இருப்பவர். முன்னால் போகிறவர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறார் என்று தெரிந்ததுமே பின்னவர் லேசாகப் பிரேக்கில் கால் வைத்துக் கயிறு தொய்யாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்வண்டிக்காரர் முடிந்தவரை பிரேக்கைத் தொடவே கூடாது. கயிறு ஒருமுறை தொய்ந்து, முன்வண்டி மறுபடி வேகமெடுக்கும்போது வெடுக்கென்று இழுபடும் பாருங்கள், அந்த ஒரு இழுப்பில்தான் கொக்கி பிய்த்துக்கொள்ளும். நைலான் கயிறு ரப்பர் மாதிரி நீண்டுகொடுக்கும், அது நல்லதுதான். ஆனால் அறுந்தால் கொக்கியோடு கவண்கல் மாதிரி திரும்பி வரும். கயிற்றின் நடுவில் ஒரு கனமான போர்வையோ கோணிச்சாக்கோ போட்டுவைத்தால் அந்த வேகம் அடங்கும். இரும்பு ரோப்பில் காரை இழுக்கவே இழுக்காதீர்கள்.

எங்கே கட்டுவது என்பது அடுத்த தகராறு. பம்பரில் கட்டுவார்கள், ஆக்சில் என்று நினைத்துக்கொண்டு ஸ்டியரிங் கம்பியில் கட்டுவார்கள். சக்கரத்தை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மில் சங்கிலி போட்டு இழுத்து, சக்கரம் கோணிப்போய் வந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். இப்போதைய கார்களில் ஸ்டெப்னிக்கும் ஜாக்கிக்கும் பக்கத்தில் ஒரு இரும்பு வளையம் வைத்திருப்பார்கள், திருகாணி மாதிரி மரை போட்டது. முன்பம்பரில் உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு மூடி இருக்கும்; அதைத் தள்ளினால் துவாரம் தெரியும். வளையத்தை அதில் திருகி, கடைசியில் வீல் ஸ்பேனரின் கம்பியைக் கோத்து நன்றாக இறுக்க வேண்டும். பாதி மரையில் நிறுத்தினால் பிடுங்கிக்கொண்டு வரும். வோக்ஸ்வாகன், ஸ்கோடா மாதிரி வண்டிகளில் இந்த மரை இடப்பக்கமாகச் சுற்றும். ஏறவில்லையே என்று வலப்பக்கம் போட்டு மல்லுக்கட்டி மரையைக் கெடுத்துவிடுகிறார்கள். இன்றைக்கே உங்கள் டிக்கியைத் திறந்து அந்த வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வண்டி வாங்கியவர்கள் அவசியம் பார்க்க வேண்டும், பாதிப் பேரிடம் அது தொலைந்துபோயிருக்கும். இன்னொன்று, அந்த வளையம் நேராக இழுக்கத்தான். பள்ளத்தில் விழுந்த வண்டியைப் பக்கவாட்டில் பிடுங்கி எடுக்க அதைப் பயன்படுத்தினால் வளைந்துவிடும்.

சாவி விஷயத்தில் என் கதை ஒன்று. நான் ஹெல்பராக இருந்த காலம், பத்தொன்பது வயது. ஒரு பழைய காரை முதலாளி வேனில் கட்டி முன்னால் போக, நான் பின்வண்டியில். பேட்டரி வீணாகிறதே என்று எனக்கு ஒரு புத்திசாலித்தனம் தோன்றியது. சாவியை அணைத்து, எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அடுத்த வளைவில் ஸ்டியரிங் ‘டக்’ என்று பூட்டிக்கொண்டது. வேன் வளைவில் திரும்பிப் போகிறது, நான் நேராக வாழைத்தோப்புக்குள் போகிறேன். கயிறு அறுந்ததால் வேன் தப்பியது. எனக்கு நெற்றியில் இரண்டு தையல். தோப்புக்காரருக்கு முதலாளி கொடுத்த காசை என் சம்பளத்தில் மூன்று மாதம் பிடித்தார். சாவி ஆன் நிலையில் இருக்க வேண்டும், இழுத்து முடிக்கும்வரை அதைத் தொடக்கூடாது. பட்டன் ஸ்டார்ட் வண்டியானால் இக்னிஷன் ஆனில் இருக்கிறதா, பேட்டரிக்கு அதைத் தாங்கும் உயிர் இருக்கிறதா என்று பார்க்காமல் கிளம்பக்கூடாது.

மலைப்பாதையில் கயிறு அறவே வேண்டாம். வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. பூஸ்டர் இல்லாத பிரேக்கோடு அதில் ஒன்றைத் தாண்டுவதே பெரும்பாடு. ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, கீழிருந்து வண்டி வரும்வரை காத்திருங்கள்.

அன்றைக்கு நீங்கள் என்ன செய்திருக்கலாம்? தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் 1033 என்ற எண்ணுக்கு அழைக்கலாம், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். சுங்கச்சாவடியிலிருந்து ரோந்து வண்டியும் தேவையானால் கிரேனும் வரும். அவர்கள் வீடு வரை கொண்டுவந்து விடமாட்டார்கள். போக்குவரத்துக்கு இடைஞ்சலில்லாத, ஆபத்தில்லாத இடத்துக்கு நகர்த்தித் தருவார்கள். அங்கிருந்து உங்கள் கார் நிறுவனத்தின் சாலையோர உதவியையோ இன்சூரன்ஸில் சேர்த்திருக்கும் உதவியையோ கூப்பிட்டிருக்கலாம். அதுவரை காருக்குள் உட்கார்ந்திருக்காதீர்கள். ஹசார்டு விளக்கைப் போட்டு, முக்கோணப் பலகையைப் பின்னால் குறைந்தது ஐம்பது அறுபது அடி எடுத்து வைத்து (நான்குவழிச் சாலையில் இன்னும் தள்ளி), எல்லாரும் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். கொக்கி மாட்டுகிறோம் என்று இரண்டு வண்டிக்கு நடுவில் நிற்பதை அறவே தவிர்க்க வேண்டும்.

இனி உங்கள் அப்பாவின் வண்டி.

தம்பியின் யோசனையை விட்டுவிடச் சொல்லுங்கள். நாகர்கோவிலிலிருந்து கோவை நானூறு கிலோமீட்டருக்கு மேல். கயிற்றில் போக வேண்டிய வேகமான 25-ல் வந்தால் பதினேழு பதினெட்டு மணி நேரம். அந்த வேகத்தில் ராத்திரி நான்குவழிச் சாலையில் ஊர்ந்தால் பின்னால் வரும் லாரியும் ஆம்னி பஸ்ஸும் என்ன செய்யும் என்று அவரே சொல்லட்டும். வேகத்தைக் கூட்டினால் மேலே சொன்ன கணக்கு. விதிப்படியும் அது பட்டறைக்குப் போகிற பயணம் இல்லை. மாருதி 800 ஏறக்குறைய 650 கிலோ எடைதான், எஸ்யூவிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சிக்கல் இழுப்பதில் இல்லை, நிறுத்துவதில்.

அங்கேயே சரிசெய்து ஓட்டி வரலாமே என்று நீங்கள் கேட்டிருக்கலாம். நியாயமான கேள்வி, நானும் முதலில் அதைத்தான் யோசித்தேன். மாருதி 800 அவ்வளவு சீக்கிரம் காலை வாருகிற வண்டி இல்லை. ஆனால் டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டும் வருடம். 1815 என்றிருந்தால் 2015-ம் வருடம் பதினெட்டாவது வாரம் செய்த டயர். அப்பா வண்டியை அதிகம் ஓட்டாதவர் என்றால் டயரில் பூ அப்படியே இருக்கும், ரப்பர் மட்டும் கிழடாகியிருக்கும். பத்து மாதம் ஒரே இடத்தில் நின்றதில் பிரேக் டிரம்முக்குள் துரு பிடித்திருக்கும், ஹேண்ட் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கலாம், டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று யாருக்கும் தெரியாது. இதையெல்லாம் தெரியாத ஊரில் தெரியாத கடையில் அவசரமாகச் செய்து நானூறு கிலோமீட்டர் ஓட்டுவதைவிட, ஏற்றிக்கொண்டுவந்து உங்கள் மெக்கானிக்கிடம் நிதானமாகச் செய்துகொள்ளுங்கள். ஆர்சி காலாவதியாகிவிட்டதா என்பதையும் பாருங்கள், பதிவு செய்து 15 வருடம் தாண்டிய வண்டி இது. புதுப்பித்திருந்தாலும் அது 5 வருடத்துக்குத்தான். இன்சூரன்ஸும் ஆர்சியும் உயிரோடு இல்லாவிட்டால் ரோட்டில் ஓட்டுவது என்ற பேச்சே இல்லை.

ஆக, ஃப்ளாட்பெட் அல்லது கார் கேரியர். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. ஃப்ளாட்பெட் உங்கள் ஒரு வண்டியை ஏற்றிக்கொண்டு வீட்டு வாசலிலிருந்து வாசலுக்கு வரும். திரும்பிப் போகும் தூரத்துக்கும் சேர்த்துத்தான் வாடகை கேட்பார்கள். கோவைப் பக்கத்து வண்டி ஏதாவது தெற்கே சவாரி இறக்கிவிட்டுச் சும்மா திரும்புகிறதா என்று நாலு பேரிடம் விசாரித்தால் ரிட்டர்ன் லோடு கணக்கில் நன்றாகவே குறையும். உங்களுக்கு அவசரமில்லை, ஒரு வாரம் பொறுக்கலாம். கார் கேரியர் ஐந்தாறு கார்களைச் சேர்த்து ஏற்றும். சந்துக்குள் வராது. வீட்டிலிருந்து அவர்கள் கிடங்கு வரை உங்கள் காரை ஓட்டியே கொண்டுபோவார்கள். அதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஓடாத மாருதிக்கு இது ஒத்துவராது, உங்களுக்கு ஃப்ளாட்பெட்டே மேல்.

ஏற்றும்போது நீங்களோ தம்பியோ கூட நிற்க வேண்டும். சக்கரங்களில் முதலில் காற்றடித்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, வண்டி கையால் தள்ளினால் உருள்கிறதா என்று பாருங்கள். உருளாவிட்டால் லாரியில் இருக்கும் வின்ச்சால், அதாவது கம்பிவடம் சுற்றி இழுக்கும் உருளையால், தரதரவென்று இழுக்க விடாதீர்கள். பின்சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் தட்டிவிட்டால் பெரும்பாலும் விட்டுவிடும். இல்லையென்றால் சக்கரத்துக்கு அடியில் வைக்கும் உருளைத் தட்டு கொண்டுவரச் சொல்லுங்கள். பழைய வண்டிகளில் கொக்கி மாட்டும் வளையம் பம்பருக்கு அடியில் சட்டத்தோடே இருக்கும். துரு அரித்திருக்கிறதா என்று சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள். நாகர்கோவில் உப்புக்காற்று ஊர், நான் நம்பமாட்டேன்.

மேலே ஏறியதும் ஹேண்ட் பிரேக், முதல் கியர், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. அப்புறம் கட்டுவது. இதில்தான் நல்ல ஆளையும் அரைகுறையையும் பிரித்துப் பார்க்கலாம். அரைகுறை ஆள் காரின் உடம்பையோ லோயர் ஆர்மையோ சங்கிலியால் கீழ்நோக்கி இறுக்குவார். வண்டி ஸ்பிரிங்கில் அமுங்கியிருக்கும், பார்ப்பதற்கு அசையாமல் இருக்கும். ஐம்பது கிலோமீட்டர் போய் நாலு வேகத்தடை ஏறி இறங்கியதும் ஸ்பிரிங் குதித்துக் குதித்துச் சங்கிலி தளர்ந்துவிடும். சேசிஸில் சங்கிலி அறுத்த காயம் மிச்சமாகும். தெரிந்த ஆள் டயரைச் சுற்றி அகல பெல்ட் போட்டு, ராட்செட்டால் இறுக்கி, சக்கரத்தைத் தட்டோடு கட்டுவார். சக்கரம் அசையாது, மேலே உடம்பு தன்பாட்டுக்கு ஸ்பிரிங்கில் ஆடிக்கொண்டு வரும். நான்கு சக்கரத்துக்கும் நான்கு பெல்ட். "முன்னாடி ரெண்டு போதும்ணே" என்றால் போதாது. கிளம்பி இருபது முப்பது கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். நான் எங்கே போனாலும் முதல் டீக்கடையில் இதைச் செய்வேன். டீயும் ஆச்சு, பெல்ட்டும் ஆச்சு.

கார் கவர் போட்டு அனுப்ப வேண்டாம். அப்பா வண்டிக்குத் தூசி படக்கூடாது என்று தோன்றும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலை நிற்கும் இடம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்தக் காற்றில் கவர் படபடவென்று அடித்து, உள்ளே இருக்கும் மணலோடு சேர்ந்து பெயின்ட்டை உப்புத்தாள் மாதிரி தேய்த்துவிடும். அழுக்காக வரட்டும், இங்கே வந்து கழுவிக்கொள்ளலாம். கண்ணாடிகளை ஏற்றிவிடுங்கள், ஆன்டெனாவை இறக்கிவிடுங்கள், டிக்கியில் வீட்டுச் சாமான் எதையும் திணிக்காதீர்கள். பெட்ரோல் கால் டேங்குக்கு மேல் வேண்டாம். பத்து மாதப் பழைய பெட்ரோல், எப்படியும் வடிக்கத்தான் போகிறீர்கள்.

கண்ணாடியில் ஃபாஸ்டேக் ஒட்டியிருந்தால் அதன் மேல் அலுமினியத் தாளை ஒட்டி மறையுங்கள். லாரி மேல் உட்கார்ந்து போகும் காரின் டேக்கையும் சுங்கச்சாவடி படித்துக் காசு எடுத்துவிடும். நாகர்கோவிலிலிருந்து கோவை வரை எத்தனை சாவடியோ அத்தனைக்கும்.

காகித வேலை கொஞ்சம். வண்டியை நாலு பக்கமும், உள்ளேயும், கிலோமீட்டர் மீட்டரையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஏற்றும் ஆளின் முன்னிலையிலேயே. ஆர்சி, இன்சூரன்ஸ் நகலை டிரைவரிடம் கொடுங்கள், அசலைக் கொடுக்காதீர்கள். டிரான்ஸ்போர்ட் கம்பெனி மூலம் அனுப்புவதானால் பில்லில் வண்டியின் மதிப்பு எழுதியிருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007-ல் வந்தது. அதன்படி, கூடுதல் மதிப்பை முன்கூட்டியே சொல்லி ஒப்புக்கொள்ள வைக்காவிட்டால், சேதத்துக்கு அவர்கள் பொறுப்பு கட்டிய வாடகையில் பத்து மடங்கோடு நின்றுவிடும். சேதம் இருந்தால் புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும், வாய்ப்பேச்சு செல்லாது. உங்கள் பாலிசி முழுப் பாலிசியாக, உயிரோடு இருந்தால், சாலைவழியில் ஏற்றிச் செல்லும்போது நேரும் சேதமும் வழக்கமாக அதில் அடக்கம். வெறும் மூன்றாம் நபர் பாலிசி என்றால் ஒன்றும் கிடைக்காது. பழைய வண்டிக்கு வீட்டில் பெரியவர்கள் அதைத்தான் எடுத்திருப்பார்கள்.

கோவையில் இறக்கியதும் உடனே சாவியைத் திருகிப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். பேட்டரி, பெட்ரோல், இன்ஜின் ஆயில் மூன்றையும் மாற்றியபிறகு திருகுங்கள்.

கடைசியாக அம்மா. ஏற்றிய காருக்குள் யாரும் உட்காரக்கூடாது. சட்டமும் விடாது, நானும் ஏற்றமாட்டேன். லாரியின் கேபினில் டிரைவர் பக்கத்தில் இடம் இருக்கும்தான், ஆனால் அவ்வளவு உயரம் ஏறி, ராத்திரி முழுக்க அந்தக் குலுக்கலில் வருவது அவர் வயதுக்கு வேண்டாம். நாகர்கோவிலிலிருந்து கோவைக்கு இரவு ரயில் இருக்கிறது. வண்டியைச் சாயங்காலம் ஏற்றும்போது அம்மா கூட நின்று பார்க்கட்டும். அப்புறம் ரயிலில் வந்து, தம்பியை அழைத்துக்கொண்டு வாசலில் நின்று அதை இறக்கிக்கொள்ளட்டும். டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், "அம்மா வந்தபிறகுதான் இறக்கணும்" என்று. இதற்கு எங்கள் தொழிலில் யாரும் வெயிட்டிங் சார்ஜ் கேட்கமாட்டார்கள். கேட்டால் எனக்கு எழுதுங்கள்.